பலகை மாறட்டும்

(மாட்டுங்காவில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவு)

தாராவியிலிருந்து நடந்தே வந்தவர்கள் இருக்கிறீர்கள். செம்பூரிலிருந்து குர்லாவில் வண்டி மாறி வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: வீட்டில் வளரும் கினிப் பன்றியைக் கூண்டின் சரிவுப் பலகைக்குப் பழக்குவது எப்படி? கூண்டின் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு ஒரு பலகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சின்ன உயிர் அதில் பயமில்லாமல் ஏற வேண்டும், பயமில்லாமல் இறங்க வேண்டும். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். ஒரு பிள்ளைக்கு ஒன்று வரவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பழகியவள். அந்தத் தேடலைத்தான் இன்று கூண்டுக்குள் கொண்டுபோகிறேன்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் நிறைகிற உடம்பு. முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ சொச்சம் எடை. வால் கிடையாது. காது வெற்றிலைக் கொழுந்து மாதிரி மடிந்து கிடக்கும். நல்லபடி வைத்துக்கொண்டால் ஐந்தாறு வருஷம் நம்மோடு இருக்கும். அகராதியில் தேடினால் சீமைப்பெருச்சாளி என்று போட்டிருக்கும். பள்ளிப் புத்தகத்தில் கினிப் பன்றி. கிராஃபோர்ட் மார்க்கெட் கடைக்காரரிடம் கேட்டால் கினி பிக். ஆனால் அது கினி நாட்டிலிருந்தும் வரவில்லை, பன்றி இனமும் இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில், பெரு, பொலிவியா பக்கத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து வரும் பிராணி. அந்த மக்கள் அதைக் "கூய்" என்கிறார்கள். அது போடும் சத்தத்திலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். காக்கைக்கு நாம் பெயர் வைத்த மாதிரிதான்.

நண்பர்களே, இந்தப் பிராணிக்கும் நம் பம்பாய்க்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகஸ் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். கழலை, கடும் காய்ச்சல். இது பிளேக் என்று அறிவிக்கிறார். ஊர் கிடுகிடுத்தது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பம்பாயை விட்டு ஓடினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, வால்டெமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தாம் கண்டுபிடித்த தடுப்பு மருந்தை முதலில் தம் உடம்பிலேயே குத்திக்கொண்டார். 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. நெரிசலைக் குறைக்க அந்த டிரஸ்ட் போட்ட தாதர்–மாட்டுங்காத் திட்டத்தில்தான் நீங்கள் இன்று நடந்துவந்த இந்த அகலமான தெருக்களும், ஃபைவ் கார்டன்ஸ் மரநிழலும் வந்தன. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பேட்டையே அந்தக் கொள்ளைநோயின் வழியாகப் பிறந்த பேட்டை.

நோய் எலியிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது? அது அப்போது பலருக்குப் புரியாத புதிர். பைகுல்லா விக்டோரியா தோட்டத்தில் வளர்த்த கினிப் பன்றிகள் பிளேக்கில் செத்து விழுந்தன. கிளென் லிஸ்டன் என்ற இராணுவ மருத்துவர் அந்த உடல்களைச் சோதித்துப் பார்த்தார். ரோமத்துக்குள் தெள்ளுப்பூச்சி. அதுவும் எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி! எலிகள் செத்துப்போகவே, பசித்த பூச்சி அடுத்த உடம்பைத் தேடி வந்திருக்கிறது. 1905இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி எழுதினார்.

அதன் பிறகு பிளேக் ஆராய்ச்சிக் குழு பரேலில் சிறு கொட்டகைகள் கட்டியது. நோய் பிடித்த வீடுகளில் பூச்சி பிடிக்கவும் கினிப் பன்றிகளை விட்டார்கள். கொட்டகைச் சோதனை ஒன்றைக் கேளுங்கள். தெள்ளுப்பூச்சி நடமாடும் இடத்தில் ஒன்றைத் தரையில் விட்டார்கள். ஒன்றைக் கூண்டில் அடைத்துத் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் வைத்தார்கள். இன்னொன்றை இரண்டு அடி உயரத்தில் தொங்கவிட்டார்கள். தரையில் இருந்தது நோயில் விழுந்தது. இரண்டு அங்குலத்தில் இருந்ததற்கும் நோய் எட்டியது. இரண்டு அடி மேலே இருந்தது பிழைத்தது. தெள்ளுப்பூச்சியால் சில அங்குலத்துக்கு மேல் துள்ள முடியாது. நோயைச் சுமந்து வருவது காற்றில்லை, பூச்சிதான் என்று உலகம் தெரிந்துகொண்டது. எங்கே? இங்கிருந்து சற்றுத் தூரத்தில், பரேலில்.

இரண்டு அங்குலமா, இரண்டு அடியா? அந்த உயிர்களுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லை. மனிதர்கள் வைத்த உயரத்தில் இருந்தன; வைத்த இடத்தில் செத்தன. அவற்றின் சாவில் நம் முன்னோர் பிழைக்க வழி கிடைத்தது. அந்தக் கடன் நம் தலைமேல் இருக்கிறது. அன்று உயரத்தை நாம் முடிவு செய்தோம். இன்று நம் வீட்டுக் கூண்டுக்குள்ளாவது, ஏறுவதா வேண்டாமா என்பதை அது முடிவு செய்யட்டும்!

சரி, கூண்டில் மாடி ஏன் வைக்கிறோம்? பம்பாய்க்காரருக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? இடம் இல்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் முதலில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 225 சதுர அடி. பிறகு 269. பிறகு 300. இரண்டு கினிப் பன்றிகளுக்குக் குறைந்தது ஏழரைச் சதுர அடித் தரை வேண்டும் என்பது இதை வளர்த்துத் தேர்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. 225இல் ஏழரை என்றால் முப்பதில் ஒரு பங்கு. நாலு பேர் படுக்கும் வீட்டில் முப்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு தட்டும் போட்டால் கொஞ்சம் ஓடியாடும் என்று நினைக்கிறோம். நல்ல நினைப்புதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்த ஏழரைச் சதுர அடி கீழ்த்தளத்திலேயே இருக்க வேண்டும். மாடி உபரி. மாடியைக் காட்டித் தரையைச் சுருக்கக் கூடாது.

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. வெளிப்பக்கம் நட்டுக்குத்தலாக ஓர் இரும்பு ஏணி. உங்களில் பாதிப் பேருக்கு அந்த ஏணி தெரியும். காலை எழுந்ததும் தண்ணீர்க் குடத்தோடு ஏறி இறங்கிய கால்கள் இந்த அவையிலேயே இருக்கின்றன. என் அப்பாவுடைய அக்கா திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதல்முறையாக வந்தார். ஏணியை அண்ணாந்து பார்த்தார். கம்பியில் ஒரு கையை வைத்தார். எடுத்துவிட்டார். "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்று கீழே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வயல் வரப்பில் கூடையைச் சுமந்து ஓடியவர், இந்தப் பன்னிரண்டு கம்பிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அத்தையை யாரும் திட்டவில்லை. யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு தடித்த கயிற்றை மேல் சட்டத்தில் கட்டி, இடைக்கிடை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். வழுக்கிய கம்பிகளுக்குச் சாக்குத் துணி சுற்றினார். மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, அத்தை தானாக ஏறினார். அத்தை மாறவில்லை, ஏணிதான் மாறியது!

அந்தக் கயிற்றை மனத்தில் வைத்துக்கொண்டு என் கூண்டுக்கு வாருங்கள்.

செம்பூரிலிருந்து ஊர் மாற்றிப் போன ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக் கினிப் பன்றிகள் இரண்டை என் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டும் பெண். ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளி, அது பொட்டு. இன்னொன்று முழுக் கறுப்பு, அது மிளகு. இரண்டாக வந்தது நல்லதாயிற்று. கூட்டமாக வாழும் பிராணி இது. தனியாக ஒன்றை வளர்க்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2008இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

நாங்கள் ஒரு கடையில் இரண்டு தட்டுக் கூண்டு வாங்கினோம். கூடவே ஒரு கம்பி ஏணி வந்தது. மெல்லிய கம்பி, இரண்டு விரல் இடைவெளி, ஏறக்குறையச் செங்குத்து. இரண்டாம் நாள் சாயங்காலம் பொட்டு அதில் கால் வைத்தாள். ஒரு கம்பி. இரண்டாவது கம்பி. பின்னங்கால் இடைவெளிக்குள் இறங்கிவிட்டது. உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. பேரன் ஓடிவந்து ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, இன்னொரு கையால் காலை விடுவித்தான். எலும்பு முறியவில்லை. ஆனால் அதன் பிறகு பதினொரு நாள் அந்த மூலைப் பக்கமே அவள் போகவில்லை. அங்கே புல் வைத்தால் அந்தப் புல்லைத் தொடவில்லை.

"இது ஏறாது பாட்டி, இதுக்குப் பிடிவாதம்" என்றான் பேரன். பிடிவாதமா? வகுப்பறையில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறோம்! வந்து அதன் காலைப் பார் என்றேன்.

நீங்களும் பாருங்கள். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. உள்ளங்காலில் ரோமம் இல்லை. பச்சைக் குழந்தையின் குதிகால் போல மெத்தென்று இருக்கும். கட்டைக் கால்கள், நீண்ட உருண்டை உடம்பு. இதன் காட்டுச் சொந்தங்கள் புல்வெளியில் வாழ்கின்றன. உயர்ந்த புல்லுக்கு அடியில் தடம் போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே ஓடும். மரம் ஏறாது. அணில் ஏறும், வெள்ளெலி கம்பியைப் பற்றித் தொங்கும். இது தரையின் பிள்ளை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. பின்னாலிருந்தும் மேலிருந்தும் வரும் பருந்தைப் பார்ப்பதற்கு அமைந்த கண்கள். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே இருப்பது தெரியாது. பள்ளம் எத்தனை ஆழம் என்று மதிப்பிடுவதிலும் சாமர்த்தியம் போதாது. முதுகெலும்போ மிக மென்மை. பிள்ளைகள் கையிலிருந்து நழுவி விழுந்தாலே ஒடிந்துபோகலாம்.

இப்போது சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத படியில், கால் நிற்காத கம்பியில், விழுந்தால் ஒடிகிற முதுகோடு ஏறு என்றால் யார் ஏறுவார்கள்? பொட்டு ஏறாதது பிடிவாதமில்லை, அறிவு. அவள் மாற வேண்டாம். பலகை மாறட்டும்!

தாராவியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, என்னிடம் நாலாம் வகுப்புப் படித்தவர். அவரிடம் போனேன்.

"மேல்தட்டு எவ்வளவு உயரம் டீச்சர்?"

"ஓர் அடி."

"அப்ப ஒன்றரை அடிப் பலகை போதும்."

"வேண்டாம்பா. இரண்டு அடி போடு."

கணக்கு லேசானது. பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளத்தில் பலகை போட்டால் சரிவு 30 பாகை. அதற்கு மேல் செங்குத்தானால் கூடாது. மூன்று மடங்கு போட்டால் சரிவு 20 பாகைக்கும் கீழே வந்துவிடும். அந்த ஒன்றரை அடிப் பலகையோ 40 பாகையைத் தாண்டியிருக்கும். வாங்கும் கூண்டுகளில் பெரும்பாலும் கோளாறு இதில்தான். இடத்தை மிச்சம் பிடிக்கச் சரிவைச் செங்குத்தாக்கிவிடுகிறார்கள்.

இரண்டு அடிப் பலகை வந்தது. மிளகு முகர்ந்து பார்த்தாள். பொட்டு பார்க்கவே இல்லை. நான் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். வேலை நெருக்கடியிலும் வந்தார். அரை மணி நேரம் தரையில் முழங்காலிட்டு, கன்னம் தரையைத் தொடக் குனிந்து, கூண்டுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சொன்னார்: "அது உயரத்துல இருந்து பார்த்தா இது பலகையா தெரியலை டீச்சர், சுவரா தெரியுது." மறுநாள் மூன்று அடிப் பலகையோடு வந்தார். நான் கேட்காமலே இரண்டு பக்கமும் நாலு அங்குலத்துக்குக் கைப்பிடிச் சுவர் வைத்திருந்தார். கீழ் ஓரத்தைச் சீவி, தரையோடு தரையாகப் பொருந்த வைத்திருந்தார். மேல் ஓரம் தட்டோடு இடைவெளி இல்லாமல் கொக்கி மாட்டி உட்கார்ந்தது. அகலம் ஓர் அடி. ஒன்று ஏற ஒன்று இறங்கினாலும் முட்டிக்கொள்ளாது.

வழுக்காமல் இருக்க என்ன செய்வது? சன்மைக்கா ஒட்டாதீர்கள். வெறும் பிளைவுட்டும் வேண்டாம். சிறுநீர் ஊறி நாறும், வழுக்கும். டவல் துணியில் நூல் வளையம் இருக்கும், நகம் மாட்டிக்கொள்ளும். நாங்கள் பழைய ஃபிளீஸ் போர்வையை வெட்டி இழுத்துப் போர்த்தினோம். துணிக்கு அடியில் நாலு விரலுக்கு ஒரு மெல்லிய மரப்பட்டி. கால் நழுவினால் அந்த மேட்டில் நின்றுகொள்ளும். துணியை வெல்க்ரோவில் ஒட்டியதால் கழற்றித் துவைக்கலாம்.

பலகை தயார். ஏற்றிவிடலாமா? பொறுங்கள்! இங்கேதான் நாம் எல்லோரும் அவசரப்படுகிறோம்.

முதல் இரண்டு நாள் அந்தப் பலகையைச் சாய்க்கவே இல்லை. கூண்டின் தரையில் படுக்கப் போட்டோம். மேலே விரித்த துணி புதிது இல்லை. அவை படுத்திருந்த துணி, துவைக்காத துணி. ஏன்? அதில் அவற்றின் வாசனை இருக்கிறது. கண் சொல்லாததை மூக்கு சொல்லும்: இது நம் இடம். கொத்தமல்லித் தண்டு ஒன்றைப் பலகையின் ஓரத்தில் வைத்தோம். எட்டிப் பறித்துக்கொண்டு ஓடின. அடுத்து நடுவில் வைத்தோம்.

அப்போது பொட்டுவின் உடம்பைப் பார்த்திருக்க வேண்டும். பின்னங்கால் இரண்டும் தரையில் ஊன்றியபடி இருக்கின்றன. ஓர் அங்குலம்கூட நகரவில்லை. உடம்பு மட்டும் நீள்கிறது, நீள்கிறது, இடியாப்ப மாவைப் பிழிந்த மாதிரி நீள்கிறது. மூக்கு துடிக்கிறது. மீசை நடுங்குகிறது. தண்டின் நுனியைப் பல் தொடுகிறது. அந்த நொடியில் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அவ்வளவுதான்! ஆளைக் காணோம். வைக்கோலுக்குள் ஒரு மேடு மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து சமையல் முடிந்து, வீடு அடங்கிய பிறகுதான் பயிற்சி. பத்து நிமிஷம். பதினைந்தைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் நாள் பலகையின் ஒரு முனைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். அதில் சங்கடமில்லாமல் நடந்த பிறகு இரண்டு நோட்டு. பிறகு ஒரு செங்கல். ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு மூன்று நாள். தயங்கினால் ஒரு நோட்டை எடுத்துவிடுவோம். கீழே இறங்குவதில் என்ன வெட்கம்? கூட்டல் வராத பிள்ளைக்கு மறுபடி எண்ணக் கற்றுத் தருவதில்லையா? மிளகு ஒன்பதாம் நாள் மேல்தட்டைத் தொட்டுவிட்டாள். பொட்டுவுக்கு இருபத்தாறு நாள் ஆயிற்று. மிளகு ஏறுவதைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வைக்கு நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. இவற்றின் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, தாயின் பின்னாலேயே திரியும். முன்னால் ஒன்று போனால் அந்த வழியில் போவது பிறவிக் குணம். ஆயிரம் கொத்தமல்லித் தண்டு செய்யாததை ஒரு தோழி செய்வாள்.

இந்த இடத்தில் குரலை உயர்த்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிலர் கீழே இருக்கும் தீவனத்தையும் தண்ணீரையும் எடுத்து மேலே வைத்துவிடுகிறார்கள். பசித்தால் தானே ஏறும் என்கிறார்கள். செய்யாதீர்கள்! கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், செய்யாதீர்கள். இந்தப் பிராணியின் குடல் ஓயாமல் ஓட வேண்டிய குடல். அரை நாள் வாய் அசையாமல் இருந்தாலே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய ஆபத்து. பயந்த பிராணி பசியோடு கீழேயே உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்தபடியே செத்தும் போகும். உலர்ந்த புல்லும் தண்ணீரும் கீழே எப்போதும் இருக்கட்டும். மேலே இருப்பது பண்டமாக இருக்கட்டும். ஒரு துண்டு குடைமிளகாய், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. கையால் தூக்கி மேலே விட்டுவிட்டு, இனி இறங்கு என்பதும் அதே கொடுமைதான்.

ஏறுவதைச் சொன்னேன். இறங்குவது? என் அம்மாவுக்கு முழங்கால் வலி. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். இறங்கும்போதுதான் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைப்பார். பின்னால் வருகிற கூட்டம் முணுமுணுக்கும். ஏறுவதற்குத் தெம்பு வேண்டும். இறங்குவதற்கு நம்பிக்கை வேண்டும். கினிப் பன்றிக்கும் அப்படியே. இறங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் குட்டை முன்னங்கால்களில் விழுகிறது. முன்னால் இருப்பதோ தெரியாத பள்ளம். ஏறிப்போய் இறங்கத் தெரியாமல் மேல்தட்டில் நின்று கத்தும் கினிப் பன்றிகள் உண்டு.

ஆகையால் இறங்கும் பாடத்தைக் கீழிருந்து தொடங்க வேண்டும். பலகையில் ஓர் உடம்பு நீளம் மட்டும் ஏறவிட்டு, கீரையைக் கீழே காட்டுங்கள். திரும்பி இறங்கும். அடுத்த நாள் இரண்டு உடம்பு நீளம். இப்படியே, ஏறிய தூரமெல்லாம் இறங்கிய தூரமாகவும் இருக்கட்டும். இன்னொன்றும் செய்தோம். பலகைக்கு மேலே வளைத்த அட்டையால் கூரை போட்டோம். திறந்த சரிவாக இருந்தது குகையாகிவிட்டது. புல்லுக்கடியில் ஓடிய முன்னோர்களின் தடம் அதற்குத் திரும்பக் கிடைத்தது. பொட்டு இறங்கியது அந்தக் கூரை வந்த பிறகுதான்.

நம் ஊர் வெயிலையும் சொல்லிவிடுகிறேன். தகரக் கூரைக்கு அடியில் மாடியில் தூங்கியவர்களுக்குத் தெரியும், சூடு மேலேதான் தங்கும். வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கினிப் பன்றி வாடத் தொடங்கும். மே மாதமும் அக்டோபரும் எங்கள் கூண்டில் மாடிக்கு விடுமுறை. பலகையைக் கழற்றிவிடுவோம். கீழே ஓடு ஒன்றைப் போட்டால் அதன் மேல் வயிறு பட நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

ஏறப் பழகிய கினிப் பன்றி ஒரு நாள் ஏறாமல் நின்றால் என்ன செய்வீர்கள்? மறுபடியும் பயிற்சி என்று இறங்கிவிடாதீர்கள். முதலில் உடம்பைப் பாருங்கள். மனிதரைப் போலவே இதற்கும் வைட்டமின் சி தானாக உடம்பில் ஊறாது. நாய்க்கு ஊறும், பூனைக்கு ஊறும், எலிக்கு ஊறும்; இதற்கும் நமக்கும் ஊறாது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினிப் பன்றிகளுக்கு மாலுமிகளின் ஸ்கர்வி நோய் வந்ததைப் பார்த்தார்கள். ஸ்கர்வி வந்தால் மூட்டு வலிக்கும். மூட்டு வலித்தால் சரிவில் ஏறாது. தினம் ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி, அதுவே மருந்து. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகவே ஆகாது. மழைக்காலத்தில் சோளம் சுடும் வண்டிக்காரர் உரித்துப் போடும் பச்சை மடலைக் கேட்டு வாங்கி வந்து அலசிக் கொடுங்கள். விருந்து மாதிரி சாப்பிடும்.

எங்கள் பொட்டு இரண்டு வருஷம் ஏறி இறங்கினாள். ஒரு ஜூலை மாதம் நின்றுவிட்டாள். கொத்தமல்லியைக் காட்டினோம், கூப்பிட்டோம். பலகைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து எங்களையே பார்த்தாள். திருப்பிப் பிடித்துப் பார்த்தால் உள்ளங்கால் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. குறை எங்களுடையதுதான். அந்த மழையில் துணி காயவில்லை என்று, ஈரம் போகாததையே விரித்திருந்தோம். அவள் சொல்லத் தெரியாத வலியை அந்தப் பலகை எங்களுக்குச் சொன்னது. வைத்தியத்துக்கு எங்கே போவது? பரேலில், ஹாஃப்கின் பெயரைத் தாங்கிய ஆய்வு நிறுவனம் இருக்கும் அதே வட்டாரத்தில்தான் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் இருக்கிறது. ஒரு பக்கம் இவற்றின் உயிரைக் கொடுத்து மனிதனைக் காத்த இடம்; இன்னொரு பக்கம் இவற்றின் உயிரைக் காக்கும் இடம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னப் பிராணிகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். நோய் வந்த இரவில் தேடினால் கிடைக்க மாட்டார்.

மருந்தும் காய்ந்த துணியுமாகப் பொட்டுவின் கால் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் அவளுக்கு ஐந்து வயதாகிவிட்டது. மறுபடி ஏறவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தச்சுத் தம்பி வந்து மேல்தட்டைக் கழற்றி, அதன் பாதியைத் தரையோடு நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மிளகு இரண்டு நாள் மேல்தட்டு இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பொட்டுவின் பக்கத்தில் போய் ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

அந்த மூன்று அடிப் பலகையை இன்று கொண்டுவந்திருக்கிறேன். இதோ, மேசைமேல் இருக்கிறது. துணியும் அதே துணிதான், துவைத்தாகிவிட்டது. பிள்ளைகளே, வரிசையாக வந்து உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். துணிக்கு அடியில் பட்டி எங்கே எங்கே இருக்கிறது என்று விரலால் எண்ணிச் சொல்லுங்கள். கூண்டு வைத்திருப்பவர்கள் உயரத்தை அளந்து எழுதிக் கொடுங்கள். தம்பி பின்வரிசையில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருக்கிறார்.